பதிமூன்றாம் ஷெட்டில் அடிக்காத அலாரம்

1. மூன்றாவது புகார்

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ருக்மணி அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். வெள்ளகோவில் பக்கம் பதினாறு ஷெட் போட்டுக் கறிக்கோழி வளர்ப்பவர். நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். குறை இல்லை என்று கையெழுத்துப் போடுவதற்கும் அதே சம்பளம்தான்.

"ஏனுங்க சார், நாளைக்குக் காலைல குஞ்சு வண்டி வருதுங்க. உங்க அலாரம் இன்னும் அடிக்க மாட்டேங்குதுங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி கோழிப்பண்ணைகளுக்கு ஒரு ஐபேட் ஆப் செய்து கொடுத்திருந்தது. ஒவ்வொரு ஷெட்டிலும் சூடு பார்க்கும் சிறிய பெட்டி ஒன்று இருக்கும். சூடு எல்லை தாண்டினால் பெட்டி தகவல் அனுப்பும், ஐபேட் அலறும், ஆள் ஓடுவார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் ருக்மணி அம்மாளின் பதினாலாம் ஷெட்டில் ஃபேன்கள் நின்றுவிட்டன. பெட்டி தகவல் அனுப்பியது. ஐபேட் அலறவில்லை. பக்கத்து ஷெட்டில் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ஆள் தற்செயலாக எட்டிப் பார்ப்பதற்குள் பாதிக் கோழி செத்துவிட்டது.

இந்தத் தொழிலில் குஞ்சும் தீவனமும் கொடுப்பது கோழிக் கம்பெனி. வளர்த்துக் கொடுப்பது பண்ணைக்காரர். பண்ணை பண்ணையாகச் சுற்றும் கோழிக் கம்பெனியின் லைன் சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, பண்ணை அட்டையில் 'பராமரிப்புக் குறைவு' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அடுத்த பேட்ச் குஞ்சு வேண்டுமென்றால் பதினாறு ஷெட்டிலும் அலாரம் அடிப்பதை அவர் நேரில் பார்க்க வேண்டும், அன்றைக்கு ஏன் அடிக்கவில்லை என்பதற்கும் காரணம் வேண்டும். இல்லையென்றால் வியாழக்கிழமைக் குஞ்சு வேறு பண்ணைக்குப் போகும். அட்டையில் அந்த வார்த்தையோடு ஒரு முறை கோழிக் கம்பெனியின் பட்டியலை விட்டு இறங்கிய பண்ணை மறுபடி ஏறுவது சுலபமில்லை. பதினாறு ஷெட்டும் சுண்ணாம்பு அடித்துக் காலியாக நின்றன.

இது அவர் கொடுத்த மூன்றாவது புகார். முதல் இரண்டையும் நாங்கள் நடைமுறைப்படி மூடியிருந்தோம். முதல் புகாருக்குத் தீர்வு: 'ஐபேடை அணைத்துப் போடச் சொல்லப்பட்டது.' இரண்டாவதற்கு: 'மறுபடியும் சொல்லப்பட்டது.'

2. கடிதம்

எங்கள் எம்.டி. நல்ல மனிதர். எனக்கு ஆறு வயது இளையவர் என்பதால் திட்டுவதைக்கூட மரியாதையாகத் திட்டுவார்.

"சார், அது சைட் பிரச்சினைங்க. வயரிங் சரியில்லைன்னு ஒரு லெட்டர் போட்டு, அந்தம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. இன்னைக்கே மூடிப்போட்டோம்னா இந்த மாசம் ஓபன் புகாரே இல்லைங்க."

"வயரிங் பார்த்தாச்சுங்களா?"

"நீங்க பார்க்காத வயரிங்கா சார்?"

நான் எந்த வயரிங்கையும் பார்த்ததில்லை. ஆனாலும் கடிதத்தை இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. அழகான கடிதம் அது. 'வாடிக்கையாளர் வளாகத்தில் நிலவும் சூழல் காரணமாக' என்று தொடங்கி, யார் மீதும் பழி போடாதது போலவே ருக்மணி அம்மாள் மீது பழி போட்டு முடியும். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

ஆப்பை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர் ஹாரூன். கோட்டைமேட்டுக்காரர், முப்பத்தைந்து வயது. அந்த ஆப் எழுதப்பட்ட ஆப்ஜெக்டிவ்-சி மொழி எங்கள் கம்பெனியில் முழுசாகத் தெரிந்த ஒரே ஆள். இந்த ஆப்பை முதலில் எழுதியவர் பெங்களூருக்குப் போய்விட்டார். விட்டுப்போனவர் எழுதிய கோட், விட்டுப்போனவர் வளர்த்த நாய் மாதிரி. நம்மிடம் சோறு தின்னும், நாம் கூப்பிட்டால் வராது.

காரில் ஹாரூன் கடிதத்தைப் படித்தார். மடித்துக் கொடுத்தார்.

"சூப்பரா இருக்குங்க சார். உண்மையான்னு மட்டும் யாராச்சும் செக் பண்ணுனாங்களா?"

"அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"இல்லீங்களே. கையெழுத்து வாங்க சாட்சிக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்க?"

கடிதத்தை வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

3. ஓடுகிற சாமான்

பண்ணை வீட்டு வாசலில் இரண்டு கார் நின்றன. ஒன்று புதிது. உள்ளே அலுவலக அறை மேசையில் ஐபேட் இருந்தது. கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல், மேலே செல்லோடேப். தீவனச் சாக்கை வெட்டித் தைத்த உறை. நாங்கள் ஆதரிப்பதாக ஒப்புக்கொண்ட ஐபேடுகளிலேயே ஆகப் பழைய மாடல்.

"இதை எப்பங்க வாங்குனீங்க?" என்றார் ஹாரூன்.

"பையன் காலேஜ்ல படிக்கறப்ப வாங்குனதுங்க தம்பி. அவன் படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டான்."

"மாத்தலீங்களா?"

"ஓடற சாமானை எதுக்குங்க மாத்தோணும்?"

கொங்கு நாட்டில் இதுதான் வேதம். நான் கடிதத்தை நீட்டினேன். ருக்மணி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடிதத்தை என்னிடமே நீட்டினார்.

"வயரிங் சரியில்லைன்னு போட்டிருக்கீங்க. நீங்க இன்னும் ஷெட்டுக்குள்ளயே போகலீங்களே?"

ஹாரூன் சுவரிலிருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்.

"பார்த்துட்டுச் சொல்றோங்க," என்றேன். முப்பது வருட அனுபவம் கொடுத்த பதில் அது.

ஷெட்களில் கோழி இல்லாததால் சோதனை சுலபம். வேலையாள் ஒருவர் சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே பிடிப்பார். நான் ஷெட்டில் நிற்பேன். அறையில் ஹாரூன் ஐபேடோடு இருந்து போனில் சொல்வார். ஒன்றாம் ஷெட், அடித்தது. இரண்டு, அடித்தது. வெயிலில் நடந்து நடந்து பன்னிரண்டு வரை வந்தோம். எல்லாம் அடித்தன. பதிமூன்றில் அடிக்கவில்லை. பதினாலு, பதினைந்து, பதினாறு, மூச்சு இல்லை.

"தகவல் வருதா ஹாரூன்?"

"வருதுங்க சார். பதினாறாம் நம்பர் ஷெட், நாற்பத்தோரு டிகிரின்னு ஆப்புக்குள்ள வரைக்கும் வருது. வந்துட்டு, யாரோ என்னவோன்னு சும்மா இருக்குது."

அப்படியானால் வயரிங் நன்றாக இருக்கிறது. என் கடிதம் பாக்கெட்டில் சூடாக இருந்தது.

"பன்னெண்டு வரைக்கும் அடிக்கும், அதுக்கு மேல அடிக்காதுன்னு மொதல் போன்லயே சொன்னேனுங்களே," என்றார் ருக்மணி அம்மாள். "உங்க ஆபீஸ்ல போன் எடுத்த புள்ள எழுதிக்கிறேன்னு சொல்லுச்சு."

அந்தப் பிள்ளை எழுதியும் இருந்தாள். ஆபீஸுக்குப் போன் செய்து எங்கள் புகார்ப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னபோது அது அப்படியே இருந்தது. நோய், நோயின் இடம், எல்லாம் ஒரே வரியில். அதன் கீழே 'ஐபேடை அணைத்துப் போடச் சொல்லப்பட்டது.' அதன் கீழே புகாரை மூடியதற்கு என் கையெழுத்து.

எம்.டி.க்குப் போன் செய்தேன்.

"பதிமூணுல இருந்துதான் பிரச்சினைங்களா? அப்ப அதுக்குப் பன்னெண்டு ஏ-ன்னு பேர் வெச்சுடுங்க சார். பெரிய ஓட்டல்ல எல்லாம் அப்படித்தானுங்க வெக்கறாங்க."

"கோழி செத்தது பதினாலுலங்க."

"அப்ப அது பன்னெண்டு பி."

4. எண்ணும் விலாசமும்

ஹாரூன் லேப்டாப்பைத் திறந்து கால் மணி நேரம் கோடைத் துழாவினார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, "வாங்க சார், வந்து உங்க கண்ணால பாருங்க," என்றார்.

தகவலில் வந்த ஷெட் எண்ணும், பட்டியலில் இருக்கும் ஷெட் எண்ணும் ஒன்றா என்று பார்க்கும் இடம். ஒன்றானால் அலாரம். பெங்களூருக்குப் போனவர் இரண்டுக்கும் நடுவே == போட்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் இரண்டும் வெறும் எண் இல்லை. இரண்டும் NSNumber. அதாவது பாயின்டர்.

ஆப்ஜெக்டிவ்-சி பார்க்காத இளையவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மொழியில் ஓர் எண்ணை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். வைக்கும் இடத்தை ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஷெட்டில் சூடு பார்க்கும் பெட்டி இல்லை, இது வேறு. ஒன்று, NSInteger. பெட்டியைத் திறந்தால் உள்ளே சீட்டில் 14 என்றே எழுதியிருக்கும். இதுதான் பிரிமிட்டிவ். இன்னொன்று NSNumber. பெட்டியைத் திறந்தால் ஒரு விலாசம் இருக்கும். இந்தத் தெருவில் இத்தனையாம் இடத்தில் 14 என்று எழுதிய பலகை மாட்டியிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள் என்று. இதுதான் ஆப்ஜெக்ட் பாயின்டர். பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு இதை அடையாளம் காட்டுவார்கள். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள், நம் ஊரில் எதற்கும் ஒரு 'ங்க' சேர்ப்பது போல, மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுவார்கள்.

இப்போது == என்ன செய்யும்? பெட்டியில் இருப்பதை மட்டும் ஒப்பிடும். சீட்டில் எண் இருந்தால் எண்ணை. விலாசம் இருந்தால் விலாசத்தை. இரண்டு தெருவில் இரண்டு பலகை, இரண்டிலும் 14. விலாசம் வேறு, ஆகவே ஒன்றில்லை. ஆகவே அலாரம் இல்லை. ஆகவே கோழி இல்லை.

"அப்படின்னா ஒண்ணாம் நம்பரும் அடிக்கக் கூடாதே?" என்றேன்.

"அங்கதான் சார் இருக்குது விளையாட்டு. சின்ன நம்பரை அடிக்கடி கேப்பாங்கன்னு சிஸ்டமே பன்னெண்டு வரைக்கும் பலகையை முன்னாடியே ஒவ்வொண்ணு செஞ்சு வெச்சிருக்கு. யார் கேட்டாலும் அந்த ஒரே விலாசம்தான். அதனால தப்பான கோட்கூட சரியா ஓடுது. பன்னெண்டுக்கு மேல கேட்டா, கேக்கறப்பெல்லாம் புதுப் பலகை."

"நம்ம ஆபீஸ்ல நாற்பது ஷெட் வரைக்கும் அடிச்சுதே?"

"அது புது ஐபேட் சார். புதுசுல இந்த மாதிரி சின்ன நம்பருக்குப் பலகையே கிடையாது. விலாசம் எழுதற இடத்துலயே நம்பரை ஒளிச்சு வெச்சுடுது. ரெண்டு சீட்டும் ஒண்ணா இருக்கும். எல்லாம் அடிக்கும்."

ருக்மணி அம்மாள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ர ஐபேட் பழசுங்கறதாலதான் கோழி செத்துச்சுங்களா?"

"இல்லீங்கம்மா," என்றார் ஹாரூன். "உங்க ஐபேட் ஒண்ணுதான் உண்மையைச் சொல்லுது. எங்க ஐபேடெல்லாம் பொய் சொல்லீருக்குது."

5. டிக்

இனி என் பங்கு.

அந்த ஆப் வெளியாகும் முன் சோதிப்பதற்கான பட்டியலை எழுதியவன் நான். நாற்பத்திரண்டு வரி. அதில் ஒரு வரி: 'சிறு பண்ணை, பழைய ஐபேட், பத்து ஷெட்.' அடுத்த வரி: 'பெரிய பண்ணை, புதிய ஐபேட், நாற்பது ஷெட்.' இரண்டையும் பையன்கள் ஒழுங்காகச் சோதித்தார்கள். இரண்டும் தேறின. இரண்டுக்கும் டிக். கீழே என் கையெழுத்து.

பழைய ஐபேடில் பதினாறு ஷெட் என்று ஒரு வரி இல்லை. ஏன் இல்லை? பதினாறு ஷெட் வைத்திருக்கும் ஆள் பழைய ஐபேடை வைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். என் மாமனார் மூன்று கிணறு வைத்துக்கொண்டு, பட்டன் தேய்ந்த டார்ச் லைட்டை ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். நூற்பாலை முதலாளிகள் கைப்பிடி போன பிரீஃப்கேஸைக் கயிறு கட்டித் தூக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே வசதி ஏற ஏற சாமான் பழசாகும். இதெல்லாம் தெரிந்தவன், பட்டியல் எழுத உட்கார்ந்ததும், வெளிநாட்டு ஆலோசகர் மாதிரி யோசித்திருக்கிறேன்.

ஹாரூனிடம் சொன்னேன்.

"தெரியுங்க சார். அன்னைக்கே எனக்குத் தோணுச்சு."

"ஏன் சொல்லலே?"

"நீங்க பட்டியலுக்கு மாத்தம் சொல்றதுக்கு ஒரு படிவம் வெச்சிருக்கீங்க. மூணு பேர் கையெழுத்து வேணும். அதுல ஒருத்தர் லீவுல இருந்தாரு."

6. சாப்பாடு

சரி செய்வது பெரிய வேலை இல்லை. ஷெட் எண்ணை NSNumber-லிருந்து NSInteger ஆக்கிவிட்டால் போதும். விலாசம் போய் எண்ணே வந்துவிடும். அதற்கு ஒரே வரியில் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். ஒன்று, அடைப்புக்குறிக்குள் இருக்கும் strong என்ற சொல்லை assign ஆக்குவது. இரண்டு, வகைப் பெயரை மாற்றி நட்சத்திரத்தை எடுப்பது. அதோடு ஒப்பிடும் இடத்தையும் திருத்த வேண்டும். ஹாரூன் ஒப்பிடும் இடத்தை முதலில் திருத்தினார், விலாசத்தை விட்டு எண்ணை எடுத்துப் பார்க்கும்படி. பிறகு assign என்று அடித்தார். அந்த நேரத்தில் ருக்மணி அம்மாள் வந்தார்.

"எந்திரிங்க. சாப்பாடு ஆறுது."

"அஞ்சு நிமிசங்கம்மா."

"அந்த அஞ்சு நிமிசம் எங்கயும் ஓடாது. எந்திரிங்க தம்பி. வெறும் வயித்துல என்ன வேலை?"

நாங்கள் யார் கோழியைக் கொன்றோமோ அவர் வீட்டில் சாப்பிட்டோம். இரண்டாம் தடவை சோறு வேண்டாம் என்று ஹாரூன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மோர் ஊற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஹாரூன் அதே வேகத்தில் பில்ட் கொடுத்து, புது ஆப்பை ஐபேடில் ஏற்றினார். வெந்நீர்ச் சொம்பு மறுபடி கிளம்பியது. பதிமூன்று அடித்தது. பதினாலு அடித்தது. வேலையாள் கை தட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்து, மாலைக்குள் கோயம்புத்தூர் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"பதினாலை இன்னொருக்கா பாருங்க," என்றார் ருக்மணி அம்மாள்.

"அதான் அடிச்சுதுங்களே."

"பாருங்க."

பார்த்தோம். ஐபேட் அலறவில்லை. ஆப்பே காணாமல் போய், முகப்புத் திரையில் அவர் பையனின் கல்யாணப் படம் தெரிந்தது.

ஹாரூன் அந்த வரியைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். assign மாறியிருந்தது. நட்சத்திரம் அப்படியே இருந்தது. பாதி வேலையில் சாப்பிடப் போய்விட்டார்.

பலகைக் கதைக்குத் திரும்புவோம். ஒரு பலகை உங்களுக்கு வேண்டுமென்றால் விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது, பலகையின் பின்னால் உங்கள் பெயரையும் எழுத வேண்டும். அதுதான் ரீடெய்ன். வேலை முடிந்ததும் பெயரை அழிக்க வேண்டும். அது ரிலீஸ். பின்னால் ஒருவர் பெயர்கூட இல்லாத பலகையைக் கழற்றி, இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் வேலைக்கு வந்த காலத்தில் பெயர் எழுதுவதும் அழிப்பதும் நம் கையால்தான். எழுதியவன் அழிக்க மறந்தால் ஊர் முழுக்கப் பலகை. அழித்தவன் மறுபடி அழித்தால் ஆப் மண்டையைப் போடும். பிறகு ஆர்க் என்று ஒன்று வந்தது. அதுவே எழுதி அதுவே அழிக்கும். strong என்றால் என் பெயரை எழுது என்று அர்த்தம். assign என்றால் எழுதாதே. வெறும் எண்ணுக்கு assign சரி, அதற்குப் பலகையே கிடையாது. விலாசத்துக்கு assign போட்டால், விலாசம் கையில் இருக்கும், பலகை இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆப் ஷெட் பட்டியலைப் புதுப்பிக்கும். பழைய பட்டியல் போகும்போது அது பிடித்து வைத்திருந்த பலகைகளும் போய்விட்டன. இரண்டாம் தடவை ஆப் பதினாலைத் தேடிப் போன இடத்தில் பஜ்ஜிக் கடை இருந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை இப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பலகைகளை யாரும் கழற்றுவதில்லை. ஆபீஸ் ஐபேடில் ஓட்டியிருந்தால் அங்கேயும் ஒன்றும் ஆகியிருக்காது. பலகையே இல்லாத ஊரில் எதைக் கழற்றுவது? மறுபடியும் டிக் போட்டிருப்பேன்.

"நான்தானுங்களே சாப்பிடக் கூப்பிட்டேன்," என்றார் ருக்மணி அம்மாள்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சுங்கம்மா," என்றார் ஹாரூன். "தப்பு சாப்பிட்ட ஆள் மேல."

நட்சத்திரத்தை எடுத்தார். NSInteger ஆக்கினார். பிறகு சொம்பு நான்கு சுற்று போனது. சுற்றுக்குச் சுற்று பத்து நிமிட இடைவெளி விட்டோம். பதினாறும் நான்கு தடவையும் அடித்தன. வேலையாளுக்குக் கை சிவந்துவிட்டது.

7. வியாழக்கிழமை

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி பண்ணையில் இருந்தோம். குஞ்சு வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. அடுக்கிய கிரேட்டுகளுக்குள் ஆயிரக்கணக்கில் கீச்சுச் சத்தம். வெயில் ஏறுவதற்குள் இறக்க வேண்டும் அல்லது அடுத்த பண்ணைக்குக் கிளம்ப வேண்டும். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை.

லைன் சூப்பர்வைசர் சின்ன வயதுக்காரர், அவசரக்காரர். ஆனால் சோதனையில் அவசரம் காட்டவில்லை. தானே சொம்பைப் பிடித்துப் பதினாறு ஷெட்டும் பார்த்தார். பிறகு பதினாலை மறுபடி பார்த்தார். அடித்தது.

"இது சரிங்க. ஆனா கார்டுல பராமரிப்புக் குறைவுன்னு இருக்குதுங்களே. அதை நான் சும்மா கோடு போட்டு அடிக்க முடியாது. காரணம் வேணும்."

நான் புதிய கடிதம் கொண்டுவந்திருந்தேன். முந்தின நாள் மாலை எம்.டி.யும் நானும் சேர்ந்து வார்த்தை வார்த்தையாகச் செதுக்கியது. 'மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது' என்று சொல்லலாம், 'மென்பொருளில் தவறு இருந்தது' என்று சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. சூப்பர்வைசர் படித்தார். நெற்றி சுருங்கியது.

"'எண் ஒப்பீட்டு முறையில் குறிப்பிட்ட சாதனங்களில் காணப்பட்ட எதிர்பாராத நடத்தை.' இது என்னங்க?"

"அதாவதுங்க, பழைய ஐபேட்ல பாயின்டர்…"

"அதெல்லாம் எனக்கு வேண்டாங்க. பழைய ஐபேட் வெச்சிருந்தது இவங்க தப்புன்னு சொல்றீங்களா?"

ருக்மணி அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எம்.டி.யாகத்தான் இருக்கும். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"யார் தப்புன்னு ஒரு வரில சொல்லுங்க சார். நான் அடுத்த ஊருக்குப் போகோணும்."

"எங்க தப்பு," என்றேன்.

"உங்கன்னா?"

"அலாரம் எழுதுனது எங்க கம்பெனி. சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். ஃபேன் நிக்கறது யாருக்கும் நடக்கும், தகவல் வந்தும் அடிக்காம விட்டது நாங்க. அவங்க சொல்லியும் ரெண்டு தடவை மூடிப்போட்டோம்."

"இதை அப்படியே எழுதுங்க."

அட்டையை நீட்டினார். கார் பானட் மேல் வைத்து எழுதினேன். நான்கு வரி. தேதி, பெயர், பதவி, கையெழுத்து. அவர் 'பராமரிப்புக் குறைவு' மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிறகு திரும்பி டிரைவரைப் பார்த்துக் கை காட்டினார். ருக்மணி அம்மாள் அதுவரை பிடித்திருந்த கேட்டை அகலத் திறந்தார்.

"வண்டியை உள்ள உடுங்க!"

முதல் கிரேட் பதினாலாம் ஷெட்டுக்குத்தான் போனது. அவரே தூக்கிக்கொண்டு போனார். ஹாரூனும் இரண்டு கிரேட் தூக்கினார். நான் தூக்கவில்லை, எனக்கு முதுகு வலி.

பாடம் என்று ஒன்று எழுதினால்தான் இந்த மாதிரிக் குறிப்பு முடிந்ததாக ஒப்புக்கொள்வார்கள். எண் வேண்டுமென்றால் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். பாயின்டர்தான் வைப்பேன் என்றால், ஒப்பிடும்போது விலாசத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் உள்ளே போய்ப் பாருங்கள். இப்போது நீங்கள் எழுதும் மொழிகளில் இந்தக் குழி மூடியிருக்கலாம். வேறு எங்கேயாவது திறந்திருக்கும். ஆபீஸில் தேறியது என்பது ஆபீஸைப் பற்றிய செய்தி. தப்பு உங்களுடையது என்றால் சொல்வதற்கு இரண்டு வார்த்தை போதும், மூன்றாவது வார்த்தையிலிருந்து கடிதமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை எம்.டி. எனக்கு மெமோ கொடுத்தார். அனுமதி பெறாமல் வாடிக்கையாளர் முன்னிலையில் குறையை எழுத்தில் ஒப்புக்கொண்டது ஏன் என்று. "ஃபார்மாலிட்டிதாங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றும் சொன்னார். பதிலாக, செய்தது உண்மை என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். அப்படிப்பட்ட மெமோவைக் கோப்பிலிருந்து நீக்கக் கேட்பதற்கு எங்கள் கம்பெனியில் ஒரு நடைமுறை உண்டு. ஆறு மாதம் கழித்து ஒரு விண்ணப்பம், மூன்று பேர் கையெழுத்து, முடிந்தது. ஓய்வு பெறும் நாள் வரை நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை.